மணி அடிச்சா சங்கு

டெலிபோன் போர்டில் உட்காருகிறவளுக்கு ஊரில் எல்லாருடைய சங்கதியும் தெரியும். அடுத்த நிமிஷம் தன் தலையில் என்ன விழப்போகிறது என்பது மட்டும் தெரியாது. என்னைப்போல் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க "யார் வேணும், யார் வேணும்" என்று கேட்டே தொண்டை வற்றின சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், "ஆமாண்டி ஸ்டெல்லா, எனக்கும் இதே கதிதான்" என்று ஒரு பெருமூச்சு விடுங்கள். மற்றவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ராயபுரத்துப் பெண். திருவொற்றியூரில் கடலைப் பார்த்தமாதிரி ஓர் இரும்புக் கம்பெனி இருந்தது. எண்ணெய் டிரம், வாளி எல்லாம் செய்வார்கள். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. புதிதாக வந்த மேனேஜர் சபாபதி சாருக்கு ஒரே ஒரு வியாதி: யாராவது நடந்து போவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். ஸ்டோருக்கு ஒருத்தன் சீட்டு எடுத்துக்கொண்டு நடக்கிறான், கேட்டுக்கு ஒருத்தன் சேதி சொல்ல நடக்கிறான், இப்படி நடந்தே பாதி நாள் போகிறது என்று சொல்லி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டெலிபோன் வைத்தார். எல்லாவற்றுக்கும் நடுவில் மாடியறையில் ஒரு போர்டு. போர்டுக்கு முன்னால் நான்.

மேலிடத்தில் லேசில் சம்மதிக்கவில்லையாம். மூன்று மாசம் பார்ப்போம், வேலை கூடாவிட்டால் போர்டையும் கழற்றுங்கள், பெண்ணையும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இதை மேனேஜர் முதல் நாளே என்னிடம் சொன்னார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற விஞ்ச் ஓட்டினவர். மூட்டை இடுப்பில் விழுந்து படுத்த படுக்கையாகவே இருந்தார். தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது என் காதை நம்பித்தான்.

சத்தத்துக்குக் கையெழுத்து

முதல் வாரமே முதல் அதிர்ச்சி. பட்டறையில் ஒரு மெஷினுக்கு பேரிங் போய்விட்டது. ஃபோர்மன் டெலிபோனை எடுத்து, "ஸ்டோர் குடும்மா" என்றார். கொடுத்தேன். ஸ்டோர்கீப்பர் செல்லையா, திருச்செந்தூர்ப் பக்கத்து மனுஷன், தங்கமான குணம், "ஆகட்டும் சார், எடுத்து வைக்கேன்" என்றார். எனக்கு ஒரே பூரிப்பு. ஒருத்தரும் நடக்கவில்லை, காரியம் முடிந்தது, மேனேஜர் கேட்டால் குளிர்ந்துபோவார் என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகும் அந்த மெஷின் நின்றுகொண்டிருக்கிறது! விசாரித்தால், செல்லையா ஒரு பியூனிடம் சீட்டு கொடுத்துப் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்: "நீங்கள் டெலிபோனில் பேரிங் கேட்டது உண்மைதான் என்று கையெழுத்துப் போடவும்." ஃபோர்மன் அந்தச் சமயம் இடத்தில் இல்லை. பியூன் அவரைத் தேடி யார்டு பூரா சுற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறான். டெலிபோன் இல்லாத காலத்தில் ஒரு நடை. டெலிபோன் வந்தபிறகு மூன்று நடை. எனக்கு வந்த கோபத்தில் செல்லையாவையே கூப்பிட்டு, "அண்ணாச்சி, அவர் பேசினதை நீங்கதானே காதால கேட்டீங்க?" என்றேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "கேட்டேம்மா, இல்லேன்னு சொல்லுதேனா? நாளைக்கு ஆடிட்டர் வந்து 'பேரிங் எங்கவே'ன்னு கேட்டா, அந்தச் சத்தத்தை எங்க போய்ப் பிடிச்சு அவருகிட்ட காட்டுவேன்?"

"வேலை நடக்குதா?"

மேனேஜர் சபாபதி சாருக்கு டெலிபோன் வந்தது, குழந்தை கையில் கிலுகிலுப்பை வந்தமாதிரி ஆகிவிட்டது. என் போர்டில் ஒவ்வொரு டெலிபோனுக்கும் ஒரு சின்ன மூடி; நிமிஷத்துக்கு ஒருதரம் அவருடைய மூடி 'டக்'கென்று விழும். அப்படி விழுந்தால் ஐயா கூப்பிடுகிறார் என்று அர்த்தம். ஒயரைச் சொருகினால், "டிரம் ஷெட் குடு" என்பார். மேஸ்திரி கோவிந்தனிடம், "வேலை நடக்குதா?" என்று கேட்பார். "நடக்குதுங்க" என்று பதில் வரும். வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் திரும்ப, "வேலை நடக்குதா?" கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன்கூட இப்படி விசாரிக்கமாட்டான்.

அந்த ஷெட்டில்தான் வேலை குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒருநாள் டவுனிலிருந்து டெலிபோன் மெக்கானிக் வந்து போர்டில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய் ஒவ்வொரு இடத்திலும் சரியா கேக்குதா பாரும்மா" என்று என்னை அனுப்பினார். டிரம் ஷெட்டுக்குள் நான் காலை வைக்கவும் டெலிபோன் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அடித்ததுதான் தாமதம், சுத்தியல் எல்லாம் நின்றது. மெஷின்காரர்கள் பெல்ட்டைத் தள்ளி ஓட்டத்தை நிறுத்தினார்கள். கோவிந்தன் தலைமுண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கருவியை எடுத்தார். ஷெட்டில் இருந்த அத்தனை ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். "நடக்குதுங்க," என்றார் கோவிந்தன். அவர் கருவியைக் கீழே வைக்கிறவரைக்கும் ஒருத்தர் மூச்சுவிடவில்லை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "மேஸ்திரி, அவர் அங்க ஆபீஸ்ல இருக்காரு! நீங்க நிக்கறது அவருக்குத் தெரியவா போகுது?" என்று கேட்டேன். கோவிந்தன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலுக்குள் துப்பினவளைப் பார்க்கிற பார்வை. "இன்னாம்மா பேசற? அய்யா உள்ள பேசிகினு கீறாரு, நாங்க பாட்டுக்கு டிரம்ம தட்டிகினு குந்திகினு இருந்தா மரியாதியா இருக்குமா?"

பேத்திக்கு ஊதின சங்கு

எங்கள் கம்பெனிச் சங்கு ஊருக்கே பொதுச் சொத்து. காலை ஷிப்டு, மத்தியானச் சாப்பாடு, ரெண்டாம் ஷிப்டு, எல்லாவற்றுக்கும் பாய்லர் வீட்டிலிருந்து நீராவிச் சங்கு ஊதும். சங்கைக் கேட்டு உலை வைக்கிற வீடுகள் உண்டு. முன்பெல்லாம் டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பச்சைக் கொடி காட்டுவார்கள், பாய்லர்காரர் ஆறுமுகம் பார்த்து ஊதுவார். இப்போது அவருக்கும் ஒரு டெலிபோன், பெரிய வெண்கல மணியோடு. நேரம் வந்தால் டைம் ஆபீஸில் "பாய்லர் குடு" என்பார்கள், நான் ஒயரைச் சொருகிக் கைப்பிடியைச் சுற்றுவேன், சங்கு ஊதும். ஏதோ பேசிக்கொண்டுதான் ஊதுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் நடுக்காலையில் வெளியிலிருந்து ஓர் அழைப்பு. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பேசினார். ஆறுமுகத்தின் பெண்ணுக்குப் பிரசவம் ஆகிவிட்டது, பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம், சொல்லிவிடுங்கள் என்றார். "நீங்களே சொல்லுங்க சார்" என்று சந்தோஷமாகப் பாய்லர் வீட்டுக்குச் சுற்றினேன். ஐயோ ஆண்டவரே! அடுத்த நொடி 'ஊ...' என்று ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்கிறது. நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். கீழே பார்த்தால் ஆட்கள் டிபன் டப்பாவோடு சாரிசாரியாக வெளியே வருகிறார்கள். எதிர் ஓட்டலில் இலை போட்டாயிற்று. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துப் பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். மேனேஜர் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். அவர் நடந்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பாய்லர் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்று ஆறுமுகத்துக்குக் காது போய்விட்டது. பேச்சு கேட்காது. அந்த வெண்கல மணி மட்டும் கேட்கும். அதனால் டெலிபோன் வைத்த அன்றைக்கே அவருக்குச் சைகையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: மணி அடிச்சா சங்கு. அவ்வளவுதான். கம்பெனியில் இது எல்லாருக்கும் தெரியும், போர்டில் இருக்கிற எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மேனேஜர் என்னிடம், "ஷிப்டு நேரம் தவிர போர்டில் அந்தப் பாய்லர் ஓட்டையை நீ தொடக்கூடாது. இன்னொரு தடவை நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால், மூணு மாசம் வரைக்கும்கூடக் காத்திருக்கமாட்டேன், அன்றைக்கே உனக்குக் கடைசி நாள்" என்றார். மறந்தும் தொட்டுவிடக்கூடாது என்று அந்த ஓட்டைக்கு மேலே அரக்கை உருக்கிச் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.

சாயங்காலம் ஆறுமுகத்தைப் பார்த்து, குழந்தையைத் தாலாட்டுகிறமாதிரி கையை ஆட்டிச் சேதியைச் சொன்னேன். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பேத்தியா? அட என் ராசாத்தி! பேத்தி பொறந்ததுக்கு ஊரு பூரா கேக்க சங்கு ஊதினவன் திருவொத்தியூர்லயே நான் ஒருத்தன்தாம்மா."

ரெண்டு விரல்

எப்போதும் சிரிப்பாகவே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரு பிற்பகல், தகடு அழுத்துகிற பிரஸ் ஷெட்டின் மூடி விழுந்தது. ஒயரைச் சொருகினால் பேச்சு இல்லை, "கை! கை!" என்று அலறல்தான். பெருமாள் என்கிற பிரஸ்காரனின் கை தகட்டோடு மாட்டிக்கொண்டது. என் கை தானாக ஓடியது. கேட்டுக்குச் சுற்றி, வெளியே போகிற லாரியை நிறுத்தச் சொன்னேன். ஸ்டோருக்குச் சுற்றினேன். செல்லையா அண்ணாச்சி அன்றைக்கு ஒரு வார்த்தை சீட்டுக் கேட்கவில்லை. பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு அவரே ஓடினார். ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன், லாரி போய்ச் சேருகிறபோது டாக்டர் வாசலில் நின்றாராம்.

எல்லாம் முடிந்து, தண்ணீர் குடிக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மேனேஜரின் மூடி விழுந்தது. பெருமாள் எப்படி இருக்கிறான் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினேன். "மெஷின் திரும்ப ஓட ஆரம்பிச்சாச்சா?" என்றார். பிறகு, "டெலிபோன் இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருக்கும்! மேலிடத்துக்கு இதை எழுதவேண்டும்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார். காதிலிருந்து கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று இருந்தது.

கட்டோடு பெருமாள் ஒருநாள் மாடிக்கு வந்தான். போர்டைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். "ரெண்டு வெரலு போச்சிம்மா. மீதி மூணு கீதே, அது உன்னுது."

தனத்தின் கேள்வி

கேட்டுக்கு வெளியே கூடையோடு உட்காருகிற மீன்காரி தனம். பக்கத்துக் குப்பம். அவள் புருஷன் ஏழுமலை விடியுமுன் கட்டுமரத்தில் கடலுக்குப் போவான், மத்தியானம் எங்கள் கம்பெனியில் ரெண்டாம் ஷிப்டுக்கு வருவான். குப்பத்தில் பாதிப் பேருக்கு இதே பிழைப்புதான். எங்கள் கம்பெனிப் புகைக்குழாயையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராகப் பார்த்துத்தான் கரைக்குத் திரும்புவார்களாம். அது தெரிந்தால் வீடு தெரிந்தமாதிரி.

எனக்கு மீன் கொடுக்கும்போதெல்லாம் டெலிபோனைப் பற்றி ஏதாவது கேட்பாள். இதில் ராயபுரத்துக்குப் பேசலாமா, பேசலாம். மவுண்ட் ரோட்டுக்கு? பேசலாம். டில்லிக்கு? சொல்லிவைத்தால் பேசலாம் என்று நான் கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன். தனம் ஒரு சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "டில்லி கெடக்கு டில்லி. தோ, கண்ணுக்கெதிர கடல்ல கீற என் ஊட்டுக்காரனக் கூப்ட முடியாத பொட்டி இன்னாத்துக்கு?"

கடல் யார் டிபார்ட்மெண்ட்

மூன்று மாசக் கெடு முடிய இன்னும் ஒரே நாள். மார்கழி. விடிந்தும் விடியாதமாதிரி ஒரு பனி. பஸ்ஸிலிருந்து இறங்கினால் என் குடையே எனக்குத் தெரியவில்லை. காலை ஷிப்டு தொடங்கி வெகுநேரம் ஆகியும் பனி விலகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் கடலும் இல்லை, கேட்டும் இல்லை, எங்கள் புகைக்குழாயும் இல்லை.

கேட்டின் மூடி விழுந்தது. வாட்ச்மேன் மாசிலாமணி பேசினார். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் கேட்டுக்கு முன்னால் நின்று அழுகிறார்களாம். விடியுமுன் போன கட்டுமரங்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. புகைக்குழாய் தெரியாமல் திக்குத் தப்பி எங்கேயோ சுற்றுகிறார்கள். அதைவிட மோசம், துறைமுகத்துக்கு வருகிற கப்பல் ஒன்று கிட்டத்திலேயே ஊதிக்கொண்டு போகிறது. பனியில் கட்டுமரம் அதன் கண்ணுக்குத் தெரியாது. "கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சா வந்துடுவாங்கோ. நம்ம சங்கக் கொஞ்சம் ஊத சொல்லும்மா, இந்தப் பொம்பளைங்க கதறத பாக்க முடியல" என்றார். பின்னால் தனத்தின் குரல் எனக்குக் கேட்டது. அது அழுகையாகவே இல்லை, பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள்.

மேனேஜரிடம் கேட்கலாம் என்று பார்த்தால் அவர் லைனில் பேசிக்கொண்டிருக்கிறார். யாரிடம்? டிரம் ஷெட்டில் கோவிந்தனிடம்! "வேலை நடக்குதா?" நான் குறுக்கே புகுந்தேன். "சார், பனியில ஆளுங்க கடல்ல மாட்டிக்கிட்டாங்க சார். சங்கு ஊத உத்தரவு குடுங்க சார்." "குறுக்கே பேசாதே. சங்கு ஊதினால் வேலை நின்றுபோகும். நாளைக்கு மூணு மாசக் கணக்கு மேலிடத்துக்குப் போகணும்." "சார், கப்பல் வேற வருது சார்!" அதற்கு அவர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "கடல் நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை."

என் அப்பா ஞாபகம் வந்தது, அடுப்பு ஞாபகம் வந்தது, தம்பிகளின் பள்ளிக்கூடச் சம்பளம் ஞாபகம் வந்தது. தனம் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். போகட்டும் போ, ராயபுரத்தில் வேறு வேலையா கிடைக்காது என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். சிவப்புப் பொட்டு வைத்த ஓட்டையில் ஒயரைச் சொருகிக் கைப்பிடியைச் சுற்றினேன்.

ஊதிற்று. ஆறுமுகம் ஏன், எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை. நிறுத்தினதும் திரும்பச் சுற்றினேன். திரும்ப ஊதிற்று. மாடிப்படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து சுற்றினேன். கதவை இடித்தார். சுற்றினேன். ஆட்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து, விஷயம் தெரிந்து கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். எவ்வளவு நேரம் சுற்றினேனோ, கை மரத்துப்போயிற்று. கடைசியில் கீழேயிருந்து ஒரு கூச்சல் கிளம்பிற்று. முதல் மரம் கரை தட்டிவிட்டது. பின்னாலேயே மற்ற மரங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏழுமலையின் மரம்.

கதவைத் திறக்காமலே கேட்டுக்கு டெலிபோன் போட்டு, ஏழுமலையைக் கூப்பிடச் சொன்னேன். அவன் டெலிபோனில் பேசுவது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கிற்று. "கெயக்கே எங்கியோ பூட்டோம்மா. கப்பலு பக்கத்துல உறுமிகினு போவுது, உசுரு கையில இல்ல. அப்பத்தான் நம்ம சங்கு கேட்டுச்சி. அடடா, ஷிப்டுக்கு நேரமாய்டிச்சி, சம்பளத்துல கை வச்சிடுவாங்கோன்னு அட்ச்சி புட்ச்சிகினு வந்தோம்."

சிவப்புப் பொட்டு

கதவைத் திறந்தேன். மேனேஜரின் முகம் அரக்குப் பொட்டைவிடச் சிவப்பாக இருந்தது. எல்லா மரமும் வந்துவிட்டது என்று சொன்னேன். "வந்ததா? ரொம்ப சந்தோஷம். வேலை எவ்வளவு நேரம் நின்றது தெரியுமா?" என்றார். யாரைக் கேட்டு ஊதினாய் என்றார். "உங்களைக் கேட்டேன் சார். நீங்க உங்க டிபார்ட்மெண்ட் இல்லைன்னு சொன்னீங்க. அதனால நானே எடுத்துக்கிட்டேன்" என்றேன். வாய்க்கொழுப்புதான். போகிற வேலை போகிறது, மானத்தோடு போகட்டுமே!

"ஓட்டையில ஒயரைச் சொருகறதுதானே உன் வேலை? இதற்கு ஒரு ஆள் எதுக்கு? நானே பார்த்துக்கறேன். நீ வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி, என் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டார். டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு நான் படி இறங்கினேன். படியிலேயே அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் என்ன சொல்வேன் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் பனி விலகியிருந்தது; கேட்டில் தனம் வழிமறித்தாள். பக்கத்தில் ஏழுமலை, ஈரத்துணியோடு, குளிரில் பல் கிட்டிப்போய். கூடையில் ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும், ஒரு வஞ்சிரம். "மரத்துக்கு ஒரு பங்கு எட்த்து வச்சாச்சி, வலைக்கு ஒரு பங்கு வச்சாச்சி. இது கூப்ட்ட பொட்டிக்குப் பங்கு. எங்க வழக்கம்மா, வேணான்னு சொல்லாத" என்றாள். "பொட்டிக்கும் எனக்கும் இனிமே சம்பந்தம் இல்ல தனம். என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க" என்றேன். தனம் கூடையை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில், 'ஊ...' என்று சங்கு!

இப்போதுதான் மெஷினுக்குத் திரும்பியிருந்த ஆட்கள் எல்லாரும் திரும்ப வெளியே ஓடிவந்தார்கள். நின்றது. உடனே இன்னொரு தடவை ஊதிற்று. தனம் கூடையைத் தொப்பென்று கீழே போட்டாள். கடல் பக்கம் திரும்பி, கரையில் கிடந்த மரங்களை விரல் விட்டு எண்ணினாள். "ஐயோ, எல்லாம் வந்துட்ச்சே! இன்னும் யாரும்மா கடல்ல கீறாங்கோ?"

நான் நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தேன். போர்டில் எல்லா மூடியும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கவேண்டும்; முன்பு ஊதின சங்கு எதற்கு என்று கம்பெனி பூரா கேட்டிருப்பார்கள். சிவப்பாக இருக்கிற ஓட்டைதான் பெரிய இடத்து ஓட்டை என்று நினைத்து, சபாபதி சார் அதிலேயே ஒயரைச் சொருகிச் சுற்றிவிட்டார் போலிருக்கிறது. கழுத்தில் ஒயர் சுற்றிக்கொண்டு கருவி காதிலிருந்து தொங்க, இரண்டு கையையும் பாய்லர் வீட்டுப் பக்கம் ஆட்டி ஆட்டி, "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆறுமுகத்துக்கு எங்கே கேட்கப்போகிறது? வாட்ச்மேன் மாசிலாமணி நெற்றியில் கை வைத்து மேலே உற்றுப் பார்த்துவிட்டு, தனத்துக்குப் பதில் சொன்னார்.

"பதறாத தனம், நம்ம ஆளுங்க அல்லாரும் வந்தாச்சி. மேல மேனேஜரு ஒருத்தர்தான் பாக்கி. போம்மா ஸ்டெல்லா, போய்க் கரையேத்து."

அன்று சாயங்காலமே "மிஸ், வந்து உட்காருங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டு என்னைத் திரும்பப் போர்டில் உட்காரவைத்ததும், மார்கழிப் பனிக்குச் சங்கு ஊதலாம் என்று உத்தரவு போட்டதும் வாஸ்தவம்தான். ஆனால் டெலிபோன் வந்ததால் கம்பெனியில் வேலை கூடிற்றா என்று நீங்கள் கேட்டால், எங்கள் வீட்டில் அன்றைக்கு வஞ்சிரம் குழம்பு என்கிற வரைக்கும்தான் என்னால் அடித்துச் சொல்ல முடியும்.